எனக்குத் தெரியாத எட்டு ஜிபி

புதுப்பட்டினத்தில் கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் அந்த நாளில் கூப்பிட வேண்டிய ஆள் நான்தான். கலையரசன் என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்காரர் என்று கேட்டால் மீன் விற்கிற அம்மாகூட என் கடைக்கு வழி சொல்லும். அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கிற அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்களில் பாதி, சென்னையில் உதிரி வாங்கி வந்து நான் கையால் பூட்டியவை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். நான் எந்த உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று தெரிந்தால்தான் எனக்கு ஏன் அப்படி எரிந்தது என்று புரியும்.

ஜெயப்பிரியா என் மாமன் மகள். கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். கல்யாணமாகி வந்ததும் இங்கே ஒரு தனியார் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தாள். அஞ்சல் வழியில் கம்ப்யூட்டர் டிப்ளமோவும் படித்துக்கொண்டிருந்தாள். 2002 ஜூன் இருபதாம் தேதி செங்கல்பட்டு மையத்தில் புராஜெக்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அவள் பள்ளியில் புதிதாக வரப்போகிற கம்ப்யூட்டர் டீச்சர் வேலை அவளுக்கு. தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு டிசம்பரில்தான். பள்ளிக்கூடம் டிசம்பர் வரை காத்திருக்காது, வேறு யாரையாவது எடுத்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது.

அவளோடு வேலை செய்கிற ஹம்சினி டீச்சரின் கணவர் அச்சுதன். அணுமின் நிலையத்தில் என்ஜினியர். சட்டையைக் கசங்காமல் போடுகிற ஆள், குரலை உயர்த்தாத ஆள். புராஜெக்டை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸில் செய்தால் மையத்தில் நன்றாக எடுபடும் என்று ஹம்சினி மூலமாக இவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். லினக்ஸா, அது பெரிய பெரிய ஆபீஸ் சர்வர்களுக்கு, வீட்டுக்கு எதற்கு என்றேன். உண்மை என்னவென்றால் எனக்கு அதில் அ, ஆ கூடத் தெரியாது.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அச்சுதன் மூன்று சிடிகளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் மெஷினில் இருபது ஜிபி டிஸ்க். பன்னிரண்டு சி டிரைவ், எட்டு டி டிரைவ். டி டிரைவில் நான் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளையெல்லாம் சிடியில் ஏற்றிவிட்டு, எட்டு ஜிபியை என் வாயாலேயே ஜெயப்பிரியாவுக்குக் கொடுத்தேன். பன்னிரண்டில் என்னுடைய விண்டோஸ் 98 அப்படியே இருக்கும், எட்டில் லினக்ஸ் வரும், மெஷினைப் போடும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார் அச்சுதன். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஜெயப்பிரியா சிரிக்கவில்லை, திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் மெஷின், டிஸ்க்கை நீங்களே பிரியுங்கள் என்று அச்சுதன் நாற்காலியை மரியாதையாக என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். திரையில் இருந்த எதுவும் நான் பார்த்ததாக இல்லை. ஸ்வாப், அதாவது மெமரி பத்தாதபோது எடுத்துக்கொள்ள டிஸ்க்கில் ஒதுக்குகிற இடம், எவ்வளவு என்று அது கேட்டது. அப்படி ஒரு சங்கதி உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மௌஸைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறவன்போல் முகத்தை வைத்துக்கொண்டேன். என் தோளுக்குப் பின்னாலிருந்து ஜெயப்பிரியா, ராம் மெமரியைப்போல் ரெண்டு மடங்கு வெக்கணும் என்றாள். அச்சுதன், கரெக்ட் மேடம் என்றார். அந்த கரெக்ட் இருக்கிறதே, அது என் காதில் நாலு மாதம் ஒலித்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு என் மெஷின் என்னுடையதாக இல்லை. சுவிட்சைப் போட்டால் முதலில் ஒரு பட்டியல் வரும். முதல் வரியில் லினக்ஸ். என்னுடைய விண்டோஸ் இரண்டாவது வரியில், அதுவும் டாஸ் என்று ஏதோ பழைய பெயரில். பத்து விநாடிக்குள் நான் கீழே இறங்கி அதைத் தொடாவிட்டால் தானாக லினக்ஸுக்குப் போய்விடும். சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், திரை பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுக்கொண்டு நிற்கும். நான் பூட்டிய மெஷின், என் வீட்டு மேஜை, நீ யார் என்று என்னையே கேட்கிறது. எத்தனை தடவை கோபத்தில் சுவிட்சை அணைத்திருக்கிறேன் என்று கணக்கில்லை.

விண்டோஸுக்குள் போனாலும் அந்த எட்டு ஜிபி கண்ணுக்குத் தெரியாது. மை கம்ப்யூட்டரைத் திறந்தால் சி மட்டும் இருக்கும். என் டிஸ்க்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடம், அதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அச்சுதனுக்குத் தெரியும்.

மார்ச் வரை ஹம்சினி டீச்சர் வழியாக பிளாப்பிகள் போய்வந்துகொண்டிருந்தன. மேலே சின்ன அழகான கையெழுத்தில் தேதி போட்டிருக்கும். அது அச்சுதனின் கையெழுத்து. ஒருநாள் ஜெயப்பிரியா பள்ளிக்கூடம் போனதும் ஒரு பிளாப்பியை எடுத்து என் விண்டோஸ் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். இந்த டிஸ்க் பார்மேட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று விண்டோஸ் கேட்டது. வேண்டாம் என்று அழுத்திவிட்டு வெளியே எடுத்து, எந்தப் பக்கம் திரும்பியிருந்ததோ அதே மாதிரி வைத்தேன். பொண்டாட்டியின் கைப்பையைத் துழாவுகிறவன் இப்படித்தான் வைப்பான். எனக்கே அசிங்கமாக இருந்தது. அசிங்கமாக இருந்தது என்பதற்காக எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அவள் உள்ளிருந்து கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு டைம்டேபிள் போடுகிற புரோகிராம் ஓட ஆரம்பித்துவிட்டது, வந்து பாருங்கள் என்றாள். அதையெல்லாம் பார்க்க எனக்கு நேரமில்லை, கடையில் வேலை கிடக்கிறது என்றேன். அவள் மறுபடி கூப்பிடவில்லை. பிறகு உள்ளேயிருந்து அவள் போனில் சிரித்துப் பேசுகிற சத்தம் கேட்டது. ஹம்சினியிடம்தான் பேசியிருப்பாள். ஹம்சினியிடமா, அச்சுதனிடமா என்று அன்று முழுக்க அதே நினைப்பாக இருந்தேன். கேட்டிருக்கலாம். கேட்டால் என் வாயில் வருவது கேள்வியாக வராது என்று எனக்கே தெரியும்.

ஜூன் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, குவார்ட்டர்ஸில் ராமானுஜம் சார் வீட்டு பிரிண்டரைப் பார்க்கப் போனேன். பிரிண்டர் சரியானதும் அவர் என் எதிரே உட்கார்ந்து, ஜெயப்பிரியா லினக்ஸில் கெட்டிக்காரி என்று அச்சுதன் சொன்னதாகச் சொன்னார். அவருடைய இன்னொரு மெஷினில் லினக்ஸ் இருக்கிறதாம், நெட்வொர்க் வேலை செய்யவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மனைவியைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

என் ஸ்குரூ டிரைவர் செட் என் மடியில் இருந்தது. நான் அவர் வீட்டுக்கு ஆறு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். சொல்கிறேன் சார் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வாய்க்குள்ளேயே அச்சுதனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். என் பொண்டாட்டி கெட்டிக்காரி என்று ஊருக்குச் சொல்ல நீ யார்? அதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? நான் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் இரண்டு மணி. ஜெயப்பிரியா வருவதற்கு நாலேகால் ஆகும். மெஷினைப் போட்டு, இரண்டாவது வரிக்கு இறங்கி, விண்டோஸுக்குள் போனேன். எப்டிஸ்க் என்று ஒரு கருவி, டிஸ்க்கைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவுவது. என் தொழிலில் தினமும் தொடுவது. அதில் என் எட்டு ஜிபி, டாஸ் அல்லாதது என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது. அழிக்கவா என்று கேட்டது. ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்று இன்னொரு முறை கேட்டது. ஒய் எழுத்தை அழுத்தினேன். இரண்டு விநாடியில் முடிந்தது. உண்மையைச் சொன்னால் அப்போது மனசு குளிர்ந்தது.

மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது, அதன் கீழே எர்ரர் 22 என்று வந்தது. அவ்வளவுதான். பட்டியலும் இல்லை, விண்டோஸும் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிற அந்தப் பட்டியல் இவ்வளவு நாளும் லினக்ஸின் எட்டு ஜிபிக்குள்தான் குடியிருந்திருக்கிறது. அதை அழித்ததும் என் பக்கத்துக்குப் போகிற வழியும் சேர்ந்து போய்விட்டது. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது சுவிட்சைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

வெறி இறங்கியதும் பயம் வந்தது. இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள். நான் என்ன செய்திருக்கிறேன் என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. போன் பக்கத்திலேயே இருந்தது. சுவர் காலண்டரில் அச்சுதனின் ஆபீஸ் நம்பரை அவள் எழுதி வைத்திருந்தாள். ரிசீவரை எடுத்துவிட்டேன். முதல் மூன்று எண்களைச் சுழற்றியும் விட்டேன். பிறகு அவர் குரல் நினைவுக்கு வந்தது, சத்தம் போடாத அந்தக் குரல். அதனிடம் போய், சார், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று சொல்வதா? ரிசீவரை வைத்துவிட்டேன்.

நானே சரிசெய்கிறேன் என்று கிளம்பினேன். விண்டோஸ் பிளாப்பியைப் போட்டு மெஷினைக் கிளப்பி, என் வழியை மீட்டேன். விண்டோஸ் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எட்டு ஜிபி வெறுமையாக, வெட்டிய குழி மாதிரி கிடந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வருமே என்று தோன்றியது. புதிதாக டி டிரைவ் உண்டாக்கினேன். பார்மேட் போட்டேன். நூறு சதவீதம் ஆகிறவரை பக்கத்தில் நின்று பார்த்தேன். கடைசியில் அது ஒரு பெயர் கேட்டது. கை தானாக அடித்தது. எண்டர் தட்டி, மெஷினை அணைத்து, முகம் கழுவிக்கொண்டேன்.

அவள் வந்ததும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, ஒரு பக்கம் முழுக்கப் பழுது என்றேன். என் கடையில் வாரத்துக்கு இரண்டு பேரிடம் சொல்கிற வாசகம் அது. சொல்லும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பழக்கம். அவள் பையைக்கூட இறக்கவில்லை.

“எல்லாமேவா, மாமா?”

எல்லாமும்தான் என்றேன். அவள் அழவில்லை. பீரோவைத் திறந்து பிளாப்பிகளை வெளியே கொட்டி, ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தாள். இருந்ததில் கடைசி, மார்ச் மாதத்துப் பிளாப்பி. அதற்குப் பிறகு அவள் இரண்டரை மாதம் செய்தது எதிலும் இல்லை. தரையில் உட்கார்ந்தபடியே போனை இழுத்து, நான் பாதியில் விட்ட அதே நம்பரை முழுக்கச் சுழற்றினாள்.

ஐந்தரை மணிக்கு அச்சுதனும் ஹம்சினியும் வந்தார்கள். அவர் ஆபீஸ் சட்டையோடே வந்திருந்தார். மெஷினைப் போட்டு, மை கம்ப்யூட்டரைத் திறந்தார். சி டிரைவுக்குப் பக்கத்தில் டி டிரைவ் இருந்தது. அதன் மேல் கலைகாம்ப் என்று ஆங்கிலத்தில் பெயர் இருந்தது.

என் கடைப் பெயர். புதிதாக எந்த டிஸ்க்கை பார்மேட் போட்டாலும் கடைசியில் அது பெயர் கேட்கும்போது நான் அடிக்கிற பெயர். அணுபுரத்தில் நூறு வீட்டு டி டிரைவில் அது இருக்கிறது. ஹம்சினி டீச்சர் வீட்டு மெஷினிலும் இருக்கிறது. பழுதான டிஸ்க்கில் பேய் வந்து என் கடைப் பெயரை எழுதிவிட்டுப் போகாது. நாலு பேரும் அதைப் படித்தோம்.

அச்சுதன் என்னைப் பார்க்கவே இல்லை, அவளைப் பார்த்துச் சொன்னார். “பார்ட்டிஷன் மட்டும் போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது மேடம். கதவு நம்பரைப் பிடுங்கின மாதிரிதான், உள்ள எல்லாம் அப்படியே இருந்திருக்கும். அரை மணியில எடுத்திருக்கலாம். பார்மேட் ஆனப்புறம் என்னால முடியாது.”

அரை மணி. நான் மூன்று எண்கள் சுழற்றினேன், இன்னும் நாலு எண்கள் பாக்கி இருந்தன.

அப்போது ஜெயப்பிரியா, நான்தான் சார் பார்மேட் பண்ணிப் பார்க்கச் சொன்னேன், டிஸ்க் பழசு என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள். அதுவும் என் பொய்யைவிட நன்றாகச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்தார். ஹம்சினி மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போனதும் ஜெயப்பிரியா கதவைச் சாத்தினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தலாம், அதில் எப்படியாவது தப்பித்துக்கொள்ளலாம். அவள் மானிட்டரை அணைத்துவிட்டு, அதன் மேல் துணியைப் போட்டு மூடினாள்.

“உள்ள இன்னா கீதுன்னு நெனச்சீங்க, மாமா?”

எனக்கு நாலு மாதமாக நூறு பதில் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை. உனக்கு எல்லாம் தெரியுது, எனக்கு ஒண்ணும் தெரியல, அதுதான் என்றேன். அது பாதி உண்மை. மறுபாதியை அவளே சொன்னாள், அச்சுதன் சார்தானே என்று. நான் தரையைப் பார்த்தேன்.

“இந்த மெஷின்ல இனிமே என் வேல எதையும் வெக்க மாட்டேன்” என்றாள். “ஹம்சினி வூட்ல ஒரு மெஷின் சும்மா கீது. நாளையிலருந்து அங்கதான். தெனம் அஞ்சு மணிக்கு நீங்களே கொண்டுபோய் வுடுங்க, எட்டு மணிக்கு வந்து கூட்டிக்கினு வாங்க.”

பஸ் இருக்கிறதே என்று ஏதோ முனகினேன்.

“பஸ் கீது. ஆனா நான் எங்க போறேன், யார் வூட்டுக்குப் போறேன்னு உங்க கண்ணால பாத்தாத்தான் உங்களுக்குத் தூக்கம் வரும்.”

எட்டு நாள் கொண்டுபோய் விட்டேன். எந்த வீட்டிலிருந்து அவளைப் பிரித்து வைக்க நினைத்தேனோ, அந்த வீட்டு வாசலுக்கு என் வண்டியில், என் பின்னால் உட்காரவைத்து, என் கையாலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டேன். கடைக்குத் திரும்பிப் போக மனசு வராது. அவர்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே வண்டியில் சாய்ந்து நிற்பேன். இரண்டாவது மாடி ஜன்னலில் மூன்று தலைகள் தெரியும். ஹம்சினி எட்டிப் பார்த்துக் காபிக்குக் கூப்பிடுவாள், பரவாயில்லை டீச்சர் என்று கையை ஆட்டுவேன். மேலே போயிருக்கலாம்தான். போனால் அவர்கள் மூன்று பேரும் பேசிக்கொள்வது எனக்குப் புரியாது, எனக்குப் புரியவில்லை என்பதைப் பார்த்து அச்சுதன் மரியாதையாகப் பேச்சை மாற்றுவார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியாது. மூன்றாம் நாள் காவல்காரர் வந்து யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ராமானுஜம் சார் ஒருநாள் நடைக்குப் போகிறபோது, இங்கே ஏதாவது மெஷின் ரிப்பேரா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

மார்ச் பிளாப்பியிலிருந்து தொடங்கி, இரண்டரை மாத வேலையை அவள் எட்டு நாளில் திரும்பச் செய்தாள். முழுக்க அல்ல, பாதியை விட்டுவிட்டாள் என்று ஹம்சினி பிறகு சொன்னாள். இருபதாம் தேதி காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக அவளைச் செங்கல்பட்டுக்கு வண்டியிலேயே கூட்டிப் போனேன். பைண்டிங் கடையில் ரிப்போர்ட்டுக்கு அட்டை போட்டு வாங்கிக்கொண்டு, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கை கழுவப் போனபோது அதை என் கையில் கொடுத்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுடைய வேலை என் கையில் இருந்தது.

பிரித்ததும் நன்றி சொல்கிற பக்கம். எல்லா ரிப்போர்ட்டிலும் இருப்பதுதான், யார் யார் உதவினார்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம். என் கண் வேறு எதையும் படிக்கவில்லை, பெயரைத்தான் தேடியது. முதலில் அச்சுதன். அடுத்தது பள்ளி முதல்வர். மூன்றாவது ஹம்சினி. நாலாவதாக, கடைசியாக, தன் கம்ப்யூட்டரில் பாதியை எனக்கு மனமுவந்து கொடுத்த என் கணவர் கலையரசனுக்கு என்று இருந்தது. வெட்கம் கெட்டவன் நான். என் பெயர் அந்தப் பக்கத்தில் இருக்கவே தகுதியில்லை என்று தெரிந்தும், அச்சுதன் பெயர் ஏன் எனக்கு மேலே இருக்கிறது என்றுதான் முதலில் எரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வரியை முழுசாகப் படித்தேன்.

அவள் வந்து கையைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கினாள். இதை ஏன் எடுக்கவில்லை என்று அந்த வரியைக் காட்டிக் கேட்டேன். மன்னித்துவிட்டாள் என்று ஒரு சின்ன நப்பாசை இருந்திருக்க வேண்டும்.

“அது மார்ச் மாசத்து பிளாப்பில இருந்த பக்கம், மாமா” என்றாள். “மாத்த நேரமில்ல.”

ரிப்போர்ட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு மையத்துக்கு நடந்தாள். நான் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன்.